போர்முனைக்குப் போய் எழுத ஆசைப்படும் தங்கை

2025 அக்டோபர் 26

வில்லியனூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்:

என் தங்கை காலாப்பட்டு பல்கலைக்கழகத்தில் மாஸ் கம்யூனிகேஷன் முடித்திருக்கிறாள். பிரெஞ்சு சரளமாகப் பேசுவாள், எழுதுவாள். தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அதனால் வீட்டில் எல்லாருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். இப்போது உக்ரைனுக்குப் போய் ஃப்ரீலான்ஸாகச் செய்தி அனுப்பப் போகிறேன் என்று நிற்கிறாள். அம்மா அழுகிறார், அப்பா பேசுவதையே நிறுத்திவிட்டார். "தைரியம் இருந்தால் போதும், மீதியெல்லாம் அங்கே போனால் தானாக வரும்" என்பது அவள் வாதம். விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அக்டோபர் 26, இரவு

தைரியம் போதாது. அவள் எழுதி அனுப்புவதைக் காசு கொடுத்து வாங்கப் போகிறவர் யார், அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில் விழும், அங்கே அவளுக்கு வண்டி ஓட்டி வழி சொல்லப் போகிற உள்ளூர்க்காரர் யார் என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் இப்போதைக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்.

நான் நிருபர் இல்லை. நிருபர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். 2002-இல் இலங்கையில் போர்நிறுத்தம் வந்து, யாழ்ப்பாணம் போகும் ஏ-9 சாலை திறந்ததும், பாரிஸிலிருந்து வந்த பத்திரிகைக்காரர்களுக்குத் தமிழும் பிரெஞ்சும் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் வன்னிக்குப் போனேன். பேட்டிக்கு ஆள் பிடிப்பது, வண்டி ஏற்பாடு, அனுமதிக் கடிதம், மொழிபெயர்ப்பு எல்லாம் என் வேலை. இந்தத் தொழிலில் அதற்கு ஃபிக்ஸர் என்று பெயர். அங்கிருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அக்டோபர் 27

முத்தியால்பேட்டை நண்பர் ஒருவர் கேட்கிறார்: அங்கே போய் என்னதான் செய்வார்கள், குண்டு விழுவதைப் பார்த்து எழுதுவார்களா?

பெரும்பாலான நேரம் காத்திருப்பார்கள். நான் போன வன்னியையே எடுத்துக்கொள்ளுங்கள். போகும் வழியில் ஓமந்தையில் ராணுவச் சாவடியில் ஒரு வரிசை. அதைத் தாண்டினால் இரண்டு தரப்புக்கும் நடுவில் கிடக்கும் வெற்று நிலம். அப்புறம் புளியங்குளத்தில் புலிகளின் சாவடியில் இன்னொரு வரிசை. இரண்டு இடத்திலும் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும், யாரைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். இதிலேயே பாதி நாள் போய்விடும்.

பளை பக்கம் போனால் சாலையோரம் தலையில்லாத பனைமரங்கள் நிற்கும். ஷெல்லடியில் கொண்டை போனவை. வருகிற நிருபர்கள் எல்லாரும் முதலில் அந்த மரங்களைத்தான் குறித்துக்கொள்வார்கள். நான் உடன் போன ஒரு பெண் நிருபர், ஐம்பதைத் தாண்டியவர், லெபனான் போர்க் காலத்திலிருந்து தொழிலில் இருந்தவர், மரங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சொந்த வீட்டுக்குத் திரும்பியிருந்த ஒரு பெரியவரிடம் கிணற்றைப் பற்றிக் கேட்டார். கிணறு வீட்டிலிருந்து எத்தனை எட்டு? கடைசியாக எப்போது இறைத்தீர்கள்? இப்போது தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள்? வாளி உங்களுடையதா, இரவலா? எனக்கே அலுத்துவிட்டது. கடைசியில்தான் விஷயம் வந்தது. வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் மிதிவெடி. கண் முன்னால் கிணற்றை வைத்துக்கொண்டு அந்த மனிதர் சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போய்த் தண்ணீர் கொண்டுவருகிறார். அந்த அம்மையார் அதோடு விடவில்லை. மறுநாள் மிதிவெடி அகற்றுகிறவர்களிடம் போய் அந்த வளவின் வரைபடத்தைப் பார்த்து, பெரியவர் சொன்னது சரிதான் என்று உறுதிசெய்த பிறகுதான் எழுதினார்.

தங்கை கற்றுக்கொள்ள வேண்டியது இது. இதற்குக் கீவுக்குப் போக வேண்டியதில்லை, இங்கே நம் பாகூர் ஏரிக்கரையிலேயே ஆரம்பிக்கலாம்.

அக்டோபர் 29

காசு பற்றிக் கேட்டவர்களுக்கு.

பெரிய ஏஜென்சியின் ஊழியராக இருந்தால் சம்பளம், காப்பீடு, பாதுகாப்பு ஆலோசகர், கவச வண்டி எல்லாம் உண்டு. அந்த இடங்கள் உலகம் முழுக்கச் சுருங்கிக்கொண்டே வருகின்றன. நம் ஊர்ப் பத்திரிகைகளில் வெளிநாட்டில் நிருபர் வைத்திருப்பவை ஒரு கை விரலுக்குள் அடங்கும். மீதி இடத்தை நிரப்புகிறவர்கள் ஃப்ரீலான்ஸ்காரர்கள். சிரியாவிலிருந்து எழுதிய இத்தாலியப் பெண் நிருபர் பிரான்செஸ்கா போர்ரி 2013-இல் வெளிப்படையாகவே எழுதினார்: ஒரு கட்டுரைக்கு அவருக்குக் கிடைத்தது 70 டாலர். தங்க, சாப்பிட, மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்க எல்லாம் அதற்குள்.

காசு குறைந்தால் ஆபத்து கூடும், இரண்டும் ஒட்டியே வரும். நல்ல டிரைவருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர் தெரியாத டிரைவரோடு போவார். திரும்பி வரச் செலவாகும் என்று ஒரு நாள் கூடுதலாகத் தங்குவார். 2014-இல் ஜேம்ஸ் ஃபோலி, ஸ்டீவன் சாட்லஃப் என்ற இரண்டு அமெரிக்க ஃப்ரீலான்ஸ்காரர்களை ஐ.எஸ். அமைப்பு கொன்றது. அதற்குப் பிறகு ஏ.எஃப்.பி. என்ற பிரெஞ்சுச் செய்தி ஏஜென்சி ஒரு முடிவு எடுத்தது: எங்கள் ஊழியரை அனுப்பத் துணியாத இடத்துக்குப் போய் ஃப்ரீலான்ஸ்காரர் எடுத்துவரும் செய்தியையும் படத்தையும் வாங்க மாட்டோம். வாங்க ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் சின்னப் பிள்ளைகள் எல்லை தாண்டினார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. என்னைப் பொறுத்தவரை அது நேர்மையான முடிவு.

நவம்பர் 2

இன்று பத்திரிகையாளர்களுக்கு எதிரான குற்றங்கள் தண்டிக்கப்படாமல் போவதற்கு முடிவுகட்டும் நாள் என்று ஐ.நா. அனுசரிக்கிறது. 2013 நவம்பர் 2 அன்று மாலியில் கிடால் என்ற ஊரில் பிரான்ஸின் ஆர்.எஃப்.ஐ. வானொலியின் கிஸ்லேன் துப்போன், குளோத் வெர்லோன் இருவரையும் ஒரு பேட்டி முடிந்து வெளியே வந்தபோது கடத்திக் கொன்றார்கள். அந்தத் தேதியைத்தான் இந்த நாளுக்கு வைத்தார்கள்.

அந்த இருவரையும் உலகம் நினைவில் வைத்திருக்கிறது, வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் இந்தத் தொழிலில் சாகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பி.பி.சி. தமிழோசைக்குச் செய்தி கொடுத்துக்கொண்டிருந்த மயில்வாகனம் நிமலராஜனை 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், அவர் வீட்டிலேயே வைத்துக் கொன்றார்கள். 2006 மே 2 அன்று யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2007-இல் ஆப்கானிஸ்தானில் இத்தாலிய நிருபர் ஒருவரைத் தாலிபான் பிடித்தது. கூட இருந்த டிரைவரைக் கொன்றார்கள். கைதிகளை மாற்றிக்கொண்டு நிருபரை மீட்டுவிட்டார்கள். அவருக்கு மொழிபெயர்த்த அஜ்மல் நக்ஷ்பந்தியை யாரும் மீட்கவில்லை, அவரையும் கொன்றார்கள். இரண்டு ஆண்டு கழித்து குந்தூஸில் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் நியூயார்க் டைம்ஸ் நிருபரை உயிரோடு மீட்ட அதே இரவில் அவரோடு கடத்தப்பட்ட மொழிபெயர்ப்பாளர் சுல்தான் முனாதி குண்டடிபட்டு இறந்தார்.

நான் இந்த இழையில் சொல்ல வந்தது இதுதான். நிருபர் கிளம்பிவிடுவார். பேட்டி கொடுத்தவரும், வண்டி ஓட்டியவரும், மொழிபெயர்த்தவரும் அதே ஊரில் இருப்பார்கள். யார் அந்த வெள்ளைக்காரியோடு சுற்றியது என்று மறுவாரம் ஒருவர் வந்து கேட்பார். எனக்குப் புதுச்சேரி இருந்தது, வந்துவிட்டேன். கிளிநொச்சியில் எங்களுக்கு வேன் ஓட்டிய தம்பிக்கு அப்படி ஓர் ஊர் இல்லை. 2009-க்குப் பிறகு அவரைப் பற்றித் தெரிந்த யாரையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உடன் வந்த நிருபர்களில் ஒரே ஒருவர்தான் அவரைப் பற்றி விசாரித்து எனக்கு எழுதினார். கிணற்றைப் பற்றிக் கேட்டாரே, அவர்.

நவம்பர் 3

நீல ஜாக்கெட்டில் பிரஸ் என்று போட்டிருந்தால் சுட மாட்டார்கள், ஜெனீவா சட்டம் இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

சட்டம் இருக்கிறது. 1977-ஆம் ஆண்டின் முதலாம் கூடுதல் நெறிமுறையில் 79-ஆவது பிரிவு, போர்ப் பகுதியில் வேலை செய்யும் பத்திரிகையாளரைச் சாதாரணக் குடிமகனாகவே நடத்த வேண்டும் என்கிறது. இந்தியா அதில் சேரவில்லை. சேர்ந்த நாடுகளும் நடந்துகொண்ட லட்சணம் நமக்குத் தெரியும். சிரியா சேர்ந்த நாடு. 2012 பிப்ரவரி 22 அன்று ஹோம்ஸ் நகரில் அமெரிக்க நிருபர் மேரி கால்வினும் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரெமி ஓச்லிக்கும் இறந்தது தற்செயல் இல்லை, குறிவைத்து அடித்தார்கள் என்று அமெரிக்க நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பு சொன்னது. 2022 மே 11 அன்று பாலஸ்தீனத்தில் ஜெனின் நகரில் அல் ஜசீரா நிருபர் ஷிரீன் அபூ அக்லே சுட்டுக் கொல்லப்பட்டபோது போட்டிருந்தது அந்த நீல ஜாக்கெட்தான்.

மேரி கால்வின் நம் பக்கத்துக் கதையும்கூட. இடது கண் பார்வையை அவர் இழந்தது வன்னியில்தான், 2001 ஏப்ரலில், புலிகள் பகுதியிலிருந்து ராணுவப் பகுதிக்கு இரவில் கடந்து வரும்போது. வெளிநாட்டு நிருபர்களை அப்போது அந்தப் பக்கம் விடுவதில்லை.

நவம்பர் 6

பயிற்சி பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். தங்கை இதை மட்டும் தட்டவே கூடாது.

2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவில் மிஸ்ராட்டாவில் டிம் ஹெதரிங்டன் என்ற புகைப்படக்காரர் தொடையில் ரத்தக்குழாய் அறுந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் ரத்தம் வடிந்தே இறந்தார். கூட இருந்தவர்களுக்கு முதலுதவி தெரிந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம் என்ற எண்ணத்தில் அவர் நண்பர் செபாஸ்டியன் ஜங்கர், ஃப்ரீலான்ஸ் நிருபர்களுக்கு முதலுதவி கற்றுக்கொடுக்க ரிஸ்க் என்ற அமைப்பைத் தொடங்கினார்.

இந்த மாதிரிப் பயிற்சி ஒன்றில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் கொடுப்பது டூர்னிக்கே, ரத்தத்தை நிறுத்தும் இறுக்குப்பட்டை. கறுப்பு நாடா, நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு குச்சி. காயத்துக்கு மேலே, மூட்டைத் தவிர்த்து, நாடாவைச் சுற்றி இழுத்துவிட்டுக் குச்சியைத் திருக வேண்டும். ரத்தம் நிற்கும்வரை திருக வேண்டும், அடிபட்டவர் கத்தினாலும் விடக்கூடாது. குச்சியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, கட்டிய நேரத்தைப் பட்டையிலேயே எழுத வேண்டும். டாக்டருக்கு அந்த நேரம் முக்கியம். இதையே தன் கைக்குத் தானே, மற்ற கையால் மட்டும், விளக்கை அணைத்துவிட்டுச் செய்யச் சொன்னார்கள். வகுப்பில் பாதிப் பேருக்குப் பட்டையை உறையிலிருந்து எடுப்பதற்கே வியர்த்துவிட்டது. அதனால்தான் புதுப் பட்டையின் பிளாஸ்டிக் உறையைக் கடையிலிருந்து வாங்கிய அன்றே பிரித்துவிட வேண்டும் என்பார்கள். பைக்கு அடியில் போடக்கூடாது. இரண்டு கைக்கும் எட்டும் இடத்தில் தொங்க வேண்டும், கூட வருகிற எல்லாருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

டிரைவருக்கும் ஒன்று. இதை நான் தனியாக அழுத்திச் சொல்கிறேன். நிருபருக்குக் கவசமும் ஹெல்மெட்டும், டிரைவருக்குக் காட்டன் சட்டை என்று எத்தனையோ வண்டி கிளம்பிப் பார்த்திருக்கிறேன்.

கவசம் விலை அதிகம். பாரிஸில் ஆர்.எஸ்.எஃப். என்ற எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பு ஃப்ரீலான்ஸ்காரர்களுக்குக் கவசமும் ஹெல்மெட்டும் இரவல் தருகிறது, காப்பீட்டுக்கும் வழி சொல்கிறது. லண்டனில் ரோரி பெக் டிரஸ்ட் பயிற்சிச் செலவுக்கு உதவும். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கிற பெண்ணுக்கு இவையெல்லாம் கூப்பிடு தூரம்.

நவம்பர் 9

கடலூர் ஓ.டி.யிலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். சுனாமியின்போது வந்தார்கள், பிணத்தைப் படம் எடுத்தார்கள், போனார்கள், இவர்களுக்கு எதற்கு இத்தனை பரிவு என்று.

கோபம் நியாயம். 2004 டிசம்பர் கடைசியில் தேவனாம்பட்டினத்தில் நான் இருந்தேன். அங்கே ஒரு கேமராக்காரர், பிள்ளையைப் பறிகொடுத்த தாயை மறுபடியும் படகுப் பக்கம் நடந்து வரச் சொல்லச் சொன்னார். மொழிபெயர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அன்றைய சம்பளத்தைக் கொடுக்காமலே அனுப்பினார்கள், அந்த நிறுவனத்தோடு பிறகு நான் வேலை செய்யவில்லை.

அதே கரையில் வேறு மாதிரி ஆளும் இருந்தார். கூட்டம் கலைந்த பிறகும் தங்கி, நிவாரணப் பட்டியலில் யார் பெயர் விடுபட்டது, வலையும் படகும் இல்லாத கூலி மீனவருக்கு என்ன கணக்கு, குப்பத்துக்குள் மீன் விற்கிற விதவைப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்று வீடு வீடாகக் கேட்டார். போருக்கும் இது பொருந்தும். குண்டு விழும்போது வருகிறவர்கள் நிறையப் பேர். நின்ற பிறகும் வருகிறவர் யார் என்று பாருங்கள்.

நவம்பர் 11

இன்று கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தில் மாலை வைக்கும் நாள். முதல் உலகப் போர் முடிந்த தினம். வில்லியனூர்க்காரரின் அப்பா பேசாமல் இருப்பதைப் பற்றி இதை ஒட்டிச் சொல்லத் தோன்றுகிறது.

நம் ஊரில் சொல்தா குடும்பங்களுக்குப் போர் என்பது பென்ஷன் மட்டும் இல்லை. இந்தோசீனா, அல்ஜீரியா என்று போய் வந்தவர்கள் என் சின்ன வயதில் தெருவுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். சைகோன் கடைவீதியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. பேர்போன போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா 1954 மே 25 அன்று கண்ணிவெடியில் இறந்ததும் அதே இந்தோசீனப் போரில்தான், பிரெஞ்சுப் படையின் தியென் பியென் பூ முகாம் விழுந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அந்தப் பெரியவர்களில் சிலர் அந்த வயல்வெளியில் நடந்திருக்கக்கூடும். அப்படி ஒருவரின் மகனாக வளர்ந்தவர் மகள் போருக்குப் போகிறேன் என்றதும் வாயடைத்துப் போவதில் ஆச்சரியம் என்ன? தங்கை அவரிடம் தாத்தாவைப் பற்றிக் கேட்கட்டும். அதுவே அவளுடைய முதல் பேட்டியாக இருக்கட்டும்.

அந்தோனி ஃபைன்ஸ்டைன் என்ற மனநல மருத்துவர் 2002-இல் 140 போர் நிருபர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் பி.டி.எஸ்.டி. என்ற மன அதிர்ச்சி நோய்க்கு ஆளானவர்கள் அவர்களில் 28.6 சதவீதம். சண்டைக்குப் போய் வந்த சிப்பாய்களின் அளவுக்குக் கிட்டே வருகிற கணக்கு. சிப்பாய்க்கு ராணுவ ஆஸ்பத்திரி இருக்கிறது. ஃப்ரீலான்ஸ்காரருக்கு என்ன இருக்கிறது என்று யோசியுங்கள்.

நவம்பர் 16

ஒரு கல்லூரி மாணவி கேட்டது என்னை ஒரு வாரமாக விடவில்லை. உள்ளூர்க்காரர்தான் ஆபத்தைச் சுமக்கிறார், உள்ளூர்க்காரர்தான் வேலையும் செய்கிறார் என்றால் வெளியூர் நிருபர் எதற்கு?

காஸாவைப் பார்த்தால் அந்தக் கேள்விக்கு வலு கூடுகிறது. 2023 அக்டோபரிலிருந்து வெளிநாட்டு நிருபர்களைச் சுதந்திரமாக உள்ளே விடவில்லை. அங்கிருந்து நாம் பார்த்ததெல்லாம் அங்கேயே வீட்டை இழந்து, பசியோடு, சொந்தக்காரர்களைப் புதைத்துவிட்டு வந்து கேமராவைத் தூக்கியவர்கள் கொடுத்தது. 2024-இல் மட்டும் உலகம் முழுவதும் 124 பத்திரிகையாளர்களும் ஊடக ஊழியர்களும் கொல்லப்பட்டதாக சி.பி.ஜே. என்ற பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவின் கணக்கு சொல்கிறது. அதில் பெரும்பங்கு காஸா. வெளியூர் நிருபர் இல்லாமலும் செய்தி வந்தது.

முதலில் நானும் அந்த மாணவி பக்கம்தான் சாய்ந்தேன். யோசிக்க யோசிக்க வேறு ஒன்று படுகிறது. வெளியார் கண் அங்கே இல்லாததால்தான், உள்ளே இருப்பவர் சொல்வதை ஒரு தரப்பின் ஆள் சொல்வது என்று சுலபமாகத் தள்ள முடிந்தது. 2009-இல் முள்ளிவாய்க்காலிலும் சுதந்திரமான நிருபரை விடவில்லை. அப்போது என்ன நடந்தது என்று இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறோம். இரண்டு சாவடியையும் தாண்டி இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு வரக்கூடிய ஒருவர் வேண்டும். அந்த வசதி உள்ளூர்க்காரருக்கு இல்லை, வெளியூர்க்காரருக்குத்தான் உண்டு. அந்த வசதியை வைத்து அவர் செய்ய வேண்டியது உள்ளூர் ஆளின் பெயரையும் பைலைனில், அதாவது எழுதியவர் பெயர் வருகிற வரியில், போடுவது. பெயர் போட்டால் ஆபத்து என்று அவரே சொன்னால் போடாமல் விடுவது. அவரைக் கேட்டுச் செய்வதுதான் முக்கியம்.

நவம்பர் 17

பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இங்கே பத்திரிகையில் எழுத முடியுமா என்று கேட்டவருக்கு: ஆமாம், ஓ.சி.ஐ. விஷயமும் இருக்கிறது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை அது. பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் இந்தியாவில் பத்திரிகை வேலை செய்ய 2021-இலிருந்து சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். பாகூர் ஏரியைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதற்கு முன்னால் தங்கை அந்த விண்ணப்பத்தைப் போட்டுவிடட்டும். பயிற்சிக்காகப் போய்ப் பேசிக் குறித்துக்கொள்வதை யாரும் தடுக்கப் போவதில்லை.

நவம்பர் 30

வில்லியனூர்க்காரர் மறுபடி எழுதியிருக்கிறார். தங்கை பாரிஸில் ஒரு பத்திரிகைக்கு எழுதிக் கேட்டாளாம். "போய்ச் சேர்ந்ததும் அனுப்புங்கள், பார்க்கிறோம்" என்று பதில் வந்திருக்கிறது. வீட்டில் அதை வேலை கிடைத்த மாதிரிக் கொண்டாடியிருக்கிறாள்.

அது வேலை இல்லை. அவள் போவாள், அடிபட்டால் எங்களுக்குச் சம்பந்தமில்லை, நல்ல கதை கிடைத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று அர்த்தம். உக்ரைனில் முன்வரிசைப் பக்கம் போக ராணுவ அங்கீகாரம் வேண்டும், அதற்கு ஒரு ஊடகத்தின் கடிதம் கேட்பார்கள். இந்த மின்னஞ்சலை வைத்து அது நடக்காது. அங்கே இப்போது ட்ரோன் வேறு. ஏ.எஃப்.பி.யின் ஆர்மன் சோல்டின் 2023 மே 9 அன்று ராக்கெட் வீச்சில் இறந்தபோது கூட இருந்தது அனுபவமுள்ள ஒரு முழு அணி.

என் யோசனை வேறு. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பிப்ரவரியிலிருந்து சாலையோரத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளையின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவர்களில் பலர் இறந்துவிட்டார்கள். பிரெஞ்சு வாசகருக்கு அதை எடுத்துச் சொல்ல, இடையில் ஆள் வைக்காமல் அந்த அம்மாக்களிடம் நேரே பேசக்கூடியவர் எத்தனை பேர்? தங்கையால் முடியும். பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் போனால் அந்தக் குடும்பங்களின் மறுபாதி கடை வைத்திருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம். இலங்கைக்கு ஊடக விசா எடுத்துத்தான் போக வேண்டும், சுற்றுலா விசாவில் போனால் வம்பு அவளுக்கு மட்டும் வராது, பேட்டி கொடுத்த அம்மாவுக்கும் வரும்.

போருக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த மாதிரி இரண்டு மூன்று பெரிய கட்டுரை அச்சில் வந்த பிறகு போகட்டும். அப்போது அவளை அனுப்பப் பொறுப்பேற்கிற ஆசிரியர் ஒருவர் இருப்பார்.

டிசம்பர் 4

தங்கையே எழுதியிருக்கிறாள். தாய்மார் கதையை எடுத்துக்கொள்கிறேன், ஆனால் உக்ரைனை விட மாட்டேன் என்கிறாள். சரிம்மா, விட வேண்டாம்.

அந்த ஆசிரியருக்கு மறுபடி எழுது. பணியை ஒப்படைக்கும் கடிதம் தருவீர்களா, காப்பீடு யார் பெயரில், இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் எடுக்கிற எண் எது, மொழிபெயர்ப்பாளருக்கும் டிரைவருக்கும் தனியாகப் பணம் உண்டா, அவர்களுக்கு அடிபட்டால் என்ன செய்வீர்கள் என்று கேள். கடைசிக் கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்று பார். மழுப்பினால் வேறு பத்திரிகை தேடு. அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை எனக்கு அனுப்பு, பிரெஞ்சைப் பார்த்துத் தருகிறேன். கிளிநொச்சியில் யாரிடம் முதலில் போக வேண்டும் என்பதை இங்கே எழுத மாட்டேன். அண்ணனோடு நேரில் வா, சொல்கிறேன்.